பிரேக் பிடித்துக்கொண்டால் வண்டி நிற்காது!

(வானொலி பண்ணை இல்ல நிகழ்ச்சியில், திருச்சிப் பகுதியைச் சேர்ந்த வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இந்த நேரத்தில் வழக்கமாக நான் பூச்சி, நோய், உரம் என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வண்டியின் பிரேக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். "விவசாய ஆபீசருக்கு பிரேக்கோடு என்னய்யா வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி வானொலியில் கேட்டுப் பயிரிட்ட காவிரிப் படுகை விவசாயிகள் அதற்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்தார்கள். அன்றைக்கு விளைச்சலை எப்படிக் கூட்டுவது என்பதே பெரிய கவலை. இன்றைக்கு, விளைந்ததைக் கெடாமல் மார்க்கெட்டில் கொண்டு சேர்ப்பதும் அதே அளவு கவலையாகிவிட்டது. எட்டரை, கோப்புப் பக்கத்துப் பூ விடியறதுக்குள்ளே ஸ்ரீரங்கம் சாத்தார வீதிக்குப் போய்ச் சேரணும். லால்குடிப் பக்கத்து வாழைத்தாரும் இலையும் காந்தி மார்க்கெட்டுக்குப் போகணும். இதுக்கெல்லாம் நமக்குக் கை கொடுப்பது என்ன? பழைய வேன். மாருதி ஆம்னி 1984-ல் வந்த வண்டி. 2019-ல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்கிற டாடா ஏஸ் வந்தது 2005-ல். இன்று கிராமத்தில் ஓடுகிற இந்த வண்டிகளில் பல, பத்துப் பதினைந்து வயசைத் தாண்டியவை. வயதான மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரி இவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லீங்களா?

ஒரு விவசாயி கேட்ட கேள்வி

போன ஐப்பசியில் கோப்புப் பக்கம் ஒரு கிராமத்தில் சம்பங்கித் தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தோட்டக்காரர் என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். பேச்சுவாக்கில் அவர் ஒரு விஷயம் சொன்னார்.

இருபது நாள் விடாத மழை. அவருடைய பழைய ஆம்னி வேன் மோட்டார் கொட்டகை ஓரமாக அப்படியே நின்றிருக்கிறது. மழை விட்டதும் ஒரு நாள் விடிகாலை பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். முன் சீட்டில் பேரன். வண்டி கொஞ்சம் இழுவையாகத்தான் போனது. "நின்ன வண்டி, சூடேறினாச் சரியாப் போயிரும்" என்று நினைத்திருக்கிறார். உறையூர் வரும்போது கருகல் வாடை. காவிரிப் பாலத்தில் ஸ்டீயரிங் இடது பக்கமாக இழுத்திருக்கிறது. பாலம் தாண்டி மாம்பழச் சாலைக்கு வந்ததும் பிரேக்கை மிதித்தால், பெடல் பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போய்விட்டது. முன்னால் ஒரு பால்காரர் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். இவர் சட்டென்று கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார். சைக்கிளுக்கும் வேனுக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்ததாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகப் பிடித்திருக்கிறது. "சரி, ஏதோ கெட்ட நேரம்" என்று பூவை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதே வண்டியில் மறுநாளும் போயிருக்கிறார்!

கடைசியில் அவர் என்னைக் கேட்டார்: "சார், சக்கரத்துல பிரேக் புடிச்சுக்கிச்சுன்னா வண்டி இன்னும் சீக்கிரமாத்தானே நிக்கணும்? நிக்காம ஏன் சார் போச்சு?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் பாதி விபத்தைத் தடுத்துவிடலாம்.

உள்ளே நடப்பது என்ன?

நீங்கள் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிற பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. திரவத்தை அழுத்தினால் அது சுருங்காது. அந்த அழுத்தம் பைப் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகிறது. நிறைய வேன்களில் முன் சக்கரத்தில் டிஸ்க், பின் சக்கரத்தில் டிரம். முன்னால் கேலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன் வெளியே வந்து பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும். பின்னால் வீல் சிலிண்டருக்குள் இருக்கிற சின்னப் பிஸ்டன்கள் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும்.

காலை எடுத்ததும் அவை திரும்ப வேண்டும் அல்லவா? டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் அப்படி ஸ்பிரிங் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பிஸ்டன் வெளியே போகும்போது அந்த ரப்பர் லேசாக முறுக்கிக்கொள்ளும். காலை எடுத்ததும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை உள்ளே இழுக்கும். எவ்வளவு தூரம்? அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு சின்ன அசைவை ஒரு துளி துரு தடுத்துவிடும். பிஸ்டன் திரும்பாது. பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும். இதைத்தான் நாம் "பிரேக் பிடிச்சுக்கிச்சு" என்கிறோம்.

கோப்பிலிருந்து ஸ்ரீரங்கம் வரை இப்படி உரசிக்கொண்டே போனால் சூடு எவ்வளவு ஏறும், யோசித்துப் பாருங்கள். அந்தச் சூடு பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிகிறதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் ஆயிலுக்கும் அதே குணம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகைப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. அதே ஆயிலில் நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்தாலே 140 டிகிரியில் கொதித்துவிடக்கூடும். டாட் 4 வகைக்கு இந்தக் கணக்கு 230, 155. கொதித்தால் ஆவி வரும். திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் அந்த ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது.

அரை மணி நேரத்தில் சூடு ஆறும். ஆவி மறுபடி திரவமாகும். பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். "வண்டி சரியாப் போச்சு" என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். ஆகவே பெருமக்களே, பிடித்துக்கொண்ட பிரேக்கை அதிகமாக வேலை செய்கிற பிரேக் என்று நினைக்காதீர்கள். அது நம்மைக் கைவிடத் தயாராகிக்கொண்டிருக்கிற பிரேக்.

எந்தச் சக்கரம், எந்த இடம்?

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருடைய களத்தில் வேனை நிறுத்தினோம். உறையூர்ப் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக் தம்பியையும் அழைத்துக்கொண்டோம். நான் வேளாண்மைப் பட்டதாரி. வீட்டில் ஒரு பழைய வேனை வைத்துக்கொண்டு பட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். அன்று நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கை வைத்தியம். ஐந்தாறு கிலோமீட்டர், அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, இறங்கி நாலு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சூடாக இருப்பது சகஜம். ஒரே அச்சில் இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் கோளாறு. சூடான சக்கரத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். டிஸ்க்கும் டிரம்மும் விரிசல் விடும்.

அடுத்தது ஜாக்கி. சமதளமான, கெட்டியான தரை வேண்டும். காவிரி மணலிலோ ஈர வரப்பிலோ ஜாக்கி போடக் கூடாது. தரையில் இருக்கிற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை அண்டக் கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கிக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரம் தாங்குகிற மாதிரி இருக்கும், திடீரென்று நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசுகிற சத்தம் இருக்கலாம். சுற்றவே முடியாமல் இறுகியிருந்தால் அதுதான் கோளாறான சக்கரம்.

கோளாறு எந்த இடத்தில் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. மடையைத் திறந்து பார்க்கிற மாதிரி. கேலிப்பரிலோ வீல் சிலிண்டரின் பின்னாலோ காற்று எடுக்கிற நிப்பிள் இருக்கும். அதில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு புட்டியில் விட்டு, நிப்பிளை அரைச் சுற்று இளக்குங்கள். ஆயில் பீய்ச்சி வந்து, சக்கரம் உடனே இளகிவிட்டதா? அப்படியானால் பிஸ்டன் நல்லா இருக்கு. அழுத்தம்தான் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உரிந்து போயிருக்கும். வாய்க்காலில் ஒரு மட்டை சிக்கி, தண்ணீரை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் தடுக்கிற மாதிரி. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தெரியும். அதை மாற்றத்தான் வேண்டும். சில சமயம் கோளாறு மாஸ்டர் சிலிண்டரிலும் இருக்கலாம்.

நிப்பிளை இளக்கியும் சக்கரம் இறுகியே இருந்தால்? இடம் பிஸ்டன்தான், இல்லாவிட்டால் கேலிப்பர் நகர்கிற பின்கள். பின் சக்கரமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். கேபிளைச் சக்கரப் பக்கத்தில் கழற்றிவிட்டதும் சக்கரம் சுற்றினால் துரு கேபிள் உறைக்குள்ளேதான் இருக்கிறது.

நிப்பிளே துருவேறி இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு வையுங்கள். அது பேடிலும் லைனிங்கிலும் படக் கூடாது. மறுநாள் ரிங் ஸ்பேனர் போட்டு, லேசாகத் தட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். அப்படியும் வராவிட்டால் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். முறிந்து போனால் செலவு இரட்டிப்பு.

பிடித்ததை விடுவிப்பது

அந்த வேனில் இடது முன் சக்கரம். நிப்பிளைத் திறந்தும் இளகவில்லை. கேலிப்பரைக் கழற்றினோம். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்க விடக் கூடாது. ஒரு கம்பியால் கட்டி மேலே மாட்டிவிட வேண்டும். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பேடு, லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

இறுகிய பிஸ்டனை வெளியே எடுப்பது எப்படி? பலர் இடுக்கியால் பிடித்து இழுத்துப் பிஸ்டனைக் கீறிவிடுகிறார்கள். காற்று பம்ப் வைத்து ஊதுகிறவர்களும் உண்டு. ரொம்ப ஆபத்து! பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரல் போய்விடும். நல்ல வழி வண்டியிலேயே இருக்கிறது. ஹோஸ் மாட்டியபடியே இருக்கட்டும். நிப்பிளை மூடிவிடுங்கள். பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரக்கட்டையை வையுங்கள். ஒருவர் பெடலை மெள்ள மெள்ள மிதிக்க, ஆயில் அழுத்தமே பிஸ்டனை வெளியே தள்ளும். மிதிக்கும்போது கேலிப்பர் இடுக்கில் யாரும் கை வைக்கக் கூடாது. டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் எடுத்த பிஸ்டனைப் பார்த்தால், தூசி மறைக்கும் ரப்பர் உறை கிழிந்து, அதற்குள்ளே சேறும் வெள்ளைப் படிவமும். "என்ன அண்ணே இது?" என்று கேட்டேன். "பொட்டாஷ் மூட்டை ஏத்தினப்போ ஒண்ணு கிழிஞ்சு போச்சு சார்" என்றார். மியூரேட் ஆப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. பயிருக்கு அமுதம், இரும்புக்கு விஷம். துருப்பிடிப்பதை வேகப்படுத்தும். தரைத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாக அது கீழே இறங்கி, மழைச் சேற்றோடு சேர்ந்து, கிழிந்த உறைக்குள் போயிருக்கிறது. நான் சிபாரிசு செய்த உரம், அவர் வண்டிக்கு எமனாக வந்திருக்கிறது!

பிஸ்டனில் குழி குழியாகத் துரு தின்றிருந்தது. மெக்கானிக் தம்பி அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவில்லை, புதுசு போட்டார். அதுதான் சரி. குழி விழுந்த பிஸ்டனைத் தேய்த்து மாட்டினால் ஆயில் கசியும். கேலிப்பரின் உள்சுவர் சுத்தமாக இருந்தது. அதிலும் குழி இருந்தால் முழுக் கேலிப்பரையே மாற்ற வேண்டும். பழைய ரப்பரைத் திரும்பப் போடாமல் புது ரப்பர் கிட் போட்டார். மாட்டும்போது ரப்பரிலும் பிஸ்டனிலும் புது பிரேக் ஆயிலைத் தடவினார்.

கேலிப்பர் நகர்கிற இரண்டு பின்களையும் கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸை லேசாகத் தடவ வேண்டும். வண்டி மையும் சாதாரண கிரீஸும் ஆகாது. ரப்பர் ஊதிப்போய் பின் மறுபடி இறுகிக்கொள்ளும். பேடு மாற்றினால் இடது வலது இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கத்தையும் கழற்றாதீர்கள். எது எங்கே மாட்டியிருந்தது என்று சந்தேகம் வந்தால் பார்க்க ஒரு பக்கம் மாதிரியாக இருக்கட்டும்.

பின் சக்கரத்து டிரம் கழலாமல் இறுகியிருந்தால், பல வண்டிகளில் டிரம்மின் முகத்தில் மரை வெட்டிய இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கும். அதில் பொருத்தமான போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினால் டிரம் தானே வெளியே வரும். உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஆயில் கசிகிறது என்று அர்த்தம். ஆயில் ஊறிய லைனிங் மறுபடி உதவாது.

எல்லாம் மாட்டிய பிறகு காற்று எடுக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது பொதுவான வழக்கம். உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள். கலங்கிக் கறுத்த ஆயில் போய், தெளிந்த புது ஆயில் குமிழி இல்லாமல் வரும் வரை எடுங்கள். வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாதீர்கள். பிரேக் ஆயில் விஷம். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைப்பது, குழந்தைகள் இருக்கிற வீட்டில், மகா பாவம்.

முக்கியமான ஒன்று. வேலை முடிந்ததும் வண்டியைக் கிளப்புவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை பல தடவை மிதியுங்கள். முதல் மிதி தரை வரைக்கும் போகும். அது தெரியாமல் வண்டியை எடுத்துச் சுவரில் மோதியவர்கள் உண்டு. பிறகு களத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அதற்கப்புறம் ரோடு, மறுபடி புறங்கை வைத்தியம்.

செய்யக்கூடாத மூன்று

முதலாவது, மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல். பிரேக் உள்பாகங்களை இவற்றில் கழுவினால் ரப்பர் ஊதி, நல்ல பிஸ்டனும் இறுகிவிடும். கழுவப் புது பிரேக் ஆயிலோ, பிரேக் கிளீனரோதான்.

இரண்டாவது, டப்பாவில் கண்ட எண்ணெயை ஊற்றுவது. எஞ்சின் ஆயில் ஒரு கரண்டி விழுந்தாலும் மொத்த ரப்பரும் கெட்டுப் போகும். ஒரு பெரியவர், "அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் ஊத்தினோமே" என்றார். உண்மைதான். ஆரம்ப காலத்தில் பிரேக் ஆயிலை விளக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்துதான் செய்தார்கள். அந்த ரப்பர் வேறு, இந்த ரப்பர் வேறு. மூடியில் எழுதியிருக்கிற டாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டாட் 3, டாட் 4 போடுகிற வண்டியில் டாட் 5 ஊற்றக் கூடாது. அது சிலிகான் வகை.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் என் வேனில் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டது. வழியில் ஒருவர், "ஊர் போய்ச் சேருங்க சார்" என்று அந்தச் சக்கரத்துக்குப் போகிற பைப்பை நசுக்கி மடக்கிவிட்டார். சக்கரம் இளகிவிட்டது. நானும் சந்தோஷமாகக் கிளம்பி, அப்படியே இரண்டு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் மழையில் அவசரமாக மிதித்தபோது வண்டி சுழன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்தால் வேறென்ன ஆகும்? எதிரே அன்று லாரி வரவில்லை. அதனால்தான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு சக்கரத்தின் பிரேக்கை அடைத்துவிட்டு ஓட்டுவது வைத்தியம் இல்லை, பெருமக்களே.

எங்கே கையை எடுக்க வேண்டும்?

சூடு பார்ப்பது, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது, எந்த இடம் என்று கண்டுபிடிப்பது, பின்களைச் சுத்தம் செய்வது, கேபிளைப் பார்ப்பது, இவற்றைப் பொறுமையுள்ள யாரும் களத்திலேயே செய்யலாம். பிஸ்டன், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், பைப் என்று ஆயில் போகிற வழியைத் திறப்பது என்றால், முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். ரோட்டில் ஏற்றுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். ஏபிஎஸ் உள்ள புது வண்டிகளில் வீட்டில் கை வைக்கவே வேண்டாம். சரக்கு வண்டிகளுக்கு எட்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முதல் நாள் மட்டும் பிரேக்கைப் பார்க்கிற வழக்கம் போதாது.

வராமல் காப்பது

பயிருக்குச் சொல்கிற அதே சேதிதான்: வந்த பின் மருந்தடிப்பதைவிட வராமல் காப்பது மலிவு. மழைக்காலத்தில் வண்டி சும்மா நின்றால் வாரம் ஒரு தடவையாவது கொஞ்ச தூரம் ஓட்டி, நாலு முறை பிரேக் பிடியுங்கள். ஓடாத மோட்டார் பம்பு இறுகிப் போகிறதே, அதே கதைதான் இதுவும். பல நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். உரமோ கோழி எருவோ ஏற்றினால், இறக்கிய அன்றே, சக்கரம் ஆறிய பிறகு, அடிப்பக்கத்தை நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கழுவியதும் கொஞ்சம் ஓட்டிக் காய விடுங்கள். மூட்டைக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரித்தால் பாதித் தொல்லை தீரும். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

இதற்கு ஒரு நல்ல நாளும் நமக்கு உண்டு. ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற சமயமும் அதுவே. அந்த எலுமிச்சம்பழத்தை வைக்கும் முன்னால், நாலு சக்கரத்தையும் ஒரு தடவை தூக்கிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள். அதுவும் பூஜைதான்.

மறுபடியும் சுருக்கமாகச் சொல்கிறேன். கருகல் வாடை, ஒரு பக்க இழுவை, ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடு, இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஆறிய பின் பெடல் கெட்டியாகிவிட்டால் ஏமாறாதீர்கள். எந்தச் சக்கரத்தின் பிரேக்கையும் அடைத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

அந்தப் பூ விவசாயியைப் போன மாதம் சாத்தார வீதியில் பார்த்தேன். கூடையை இறக்குவதற்கு முன்னால், வேனைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே அவர் பேரனும், தாத்தா செய்வதைப் பார்த்து, தன் சின்னக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "நாலும் ஒண்ணாத்தான் இருக்கு சார்" என்றார்.

உங்கள் வண்டியிலும் நாலும் ஒன்றாகவே இருக்கட்டும்.